உப்பு மாமனார்

— மூக்கு எங்கே?

— பையில இருக்கு மேடம்.

— எந்தப் பையில?

— சட்டைப் பையில. கைக்குட்டையில சுத்தி வச்சிருக்கேன். சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலை. லேசா ஒரு தட்டு. தூசி தட்டினேன், அவ்வளவுதான்.

— எதால தட்டினீங்க?

— சுத்தியால.

— தூசியை யாராவது சுத்தியால தட்டுவாங்களா, மாப்பிள்ளை சார்?

— தூசி இல்ல மேடம். சிலையோட மூக்கு நுனியில ஒரு சின்ன மேடு இருந்துச்சு. மாமனாருக்கு அப்படி மேடு கிடையாது. அவர் வந்து பார்த்தா என்னைத்தான் திட்டுவார். திட்டக்கூட மாட்டார், உங்களைக் கூப்பிட்டு என்னைத் திட்டச் சொல்லுவார். அதான் நானே அந்த மேட்டை எடுத்துடலாம்னு பார்த்தேன். மேடு வந்துச்சு. கூடவே மூக்கும் வந்துடுச்சு. செத்தேன் நான்.

— பதறாதீங்க. காட்டுங்க. அடடா, கத்தி போட்டு வெட்டின மாதிரி வந்திருக்கே.

— அதான் எனக்கும் புரியலை. லாரியிலேருந்து இதை இறக்க ஆறு பேர் மூச்சுப் பிடிச்சாங்க. பாறை மாதிரி இருக்கு. அவ்வளவு கெட்டியானது ஒரு தட்டுக்கா உடையும்?

— கெட்டிதான். ஆனா வளைஞ்சு கொடுக்கத் தெரியாத கெட்டி. இரும்பை அடிச்சா நசுங்கும். உப்பை அடிச்சா பிளக்கும். ஏன் சார், உப்புத் தொழிற்சாலைக்கே மாப்பிள்ளை நீங்க. இது கூடவா தெரியாது?

— நான் பேக்கிங்ல இருக்கேன் மேடம். எனக்கு உப்புன்னா பாக்கெட். உள்ள இருக்கிறவங்க என்ன பண்றாங்கன்னு நான் எதுக்குப் பார்க்கணும்?

— இப்ப பார்த்தே ஆகணும். ஒட்டணும்னா, எப்படிப் பிரிஞ்சதுன்னு தெரியணும். சோடியம்னு ஒருத்தர். அவருக்கு வெளிச்சுத்துல ஒரே ஒரு எலக்ட்ரான் துருத்திக்கிட்டு நிக்கும். அது போனா அவருக்கு நிம்மதி. குளோரின்னு இன்னொருத்தர். அவருக்கு வெளிச்சுத்துல ஏழு இருக்கும். இன்னொண்ணு கிடைச்சா எட்டு, அவருக்கும் நிம்மதி. ரெண்டு பேரும் எதிர்ல எதிர்ல வந்தா என்ன ஆகும்?

— இவர் கொடுப்பார், அவர் வாங்கிப்பார்.

— அவ்வளவுதான். கொடுத்தவர் பிளஸ் ஆயிட்டார், வாங்கினவர் மைனஸ் ஆயிட்டார்.

— இருங்க இருங்க. கொடுத்தவருக்குத்தானே குறையுது? அவர் எப்படி பிளஸ்?

— எலக்ட்ரானே மைனஸ் சார். எந்நேரமும் சண்டை இழுத்துக்கிட்டு இருக்கிற ஒருத்தர் வீட்டை விட்டுக் கிளம்பிட்டா, அந்த வீட்டுக்கு நல்லதா கெட்டதா?

— நல்லது. எங்க வீட்டுல யாரைச் சொல்றீங்க?

— யாரையும் சொல்லலை.

— மாமனாரைச் சொல்ற மாதிரி இருந்துச்சு. சரி, பிளஸ்ஸும் மைனஸும் ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கும். அது எனக்கே தெரியும். ஜோடி சேர்ந்துடும்.

— இங்கேதான் எல்லாரும் தப்பாப் புரிஞ்சுக்கிறது. ஜோடியே கிடையாது. ஒரு பிளஸ்ஸைச் சுத்தி ஆறு மைனஸ் நிக்கும். மேல, கீழ, முன்னால, பின்னால, ரெண்டு பக்கமும். அதே மாதிரி ஒவ்வொரு மைனஸைச் சுத்தியும் ஆறு பிளஸ். யார் யாருக்கு எலக்ட்ரானைக் கொடுத்தாங்கன்னு அதுக்கப்புறம் யாரும் கேக்கிறதில்ல. பாதத்துலேருந்து தலை வரைக்கும் அப்படியே வரிசை வரிசையா கட்டி வச்ச மாதிரி. அதனாலதான் இந்தக் கெட்டி.

— அப்ப மூக்கு?

— நீங்க சுத்தியால தட்டினீங்க. ஒரு வரிசை கொஞ்சூண்டு நகர்ந்துச்சு. இதுவரைக்கும் பிளஸ்ஸுக்கு எதிர்ல மைனஸ் நின்னுச்சு. இப்ப பிளஸ்ஸுக்கு எதிர்ல பிளஸ், மைனஸுக்கு எதிர்ல மைனஸ்.

— முகத்துல முழிக்க மாட்டாங்க.

— தள்ளிவிடுவாங்க. அந்த வரிசையில இருக்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்துல தள்ளினா, மூக்கு உங்க சட்டைப் பையில வந்து விழும்.

— நான் இந்தச் சிலையைக் காலையிலேருந்து கட்டிப் பிடிச்சுத் துடைச்சுக்கிட்டு இருந்தேன் மேடம். இத்தனை பிளஸ் மைனஸ் இருக்குன்னா கரண்ட் அடிக்காதா?

— காய்ஞ்ச உப்பு ஒண்ணும் பண்ணாது. அவங்கவங்க அவங்கவங்க இடத்துல பூட்டு போட்டு நிக்கிறாங்க. நகர முடியாதவங்க கரண்டை எப்படிக் கொண்டுபோவாங்க? அதை விடுங்க. இந்த மூக்கு ஏன் இவ்வளவு சின்னதா இருக்கு? ஐயாவுக்குக் கொஞ்சம் பெரிய மூக்காச்சே.

— ஒட்டிப் பார்த்தேன்.

— எதை வச்சு?

— எச்சில்.

— யாரோட எச்சில்?

— என்னோடதுதான் மேடம், வேற யார்கிட்ட போய்க் கேக்கிறது? முதல்ல ஒட்டுற மாதிரி இருந்துச்சு, அப்புறம் வழுக்கிக்கிட்டு கீழ வந்துச்சு. திரும்பத் தொட்டு வச்சேன். திரும்ப வழுக்குச்சு. ஒவ்வொரு தடவையும் மூக்கு கொஞ்சம் கொஞ்சமா இளைச்சுக்கிட்டே போச்சு. வாயெல்லாம் உப்பு கரிக்குது.

— தண்ணி பட்டா அப்படித்தான். தண்ணிக்கு ஒரு பக்கம் லேசா பிளஸ், ஒரு பக்கம் லேசா மைனஸ். பிளஸ்ஸை ஒரு கும்பல் சூழ்ந்துக்கும், மைனஸை ஒரு கும்பல் சூழ்ந்துக்கும், தனித்தனியா இழுத்துக்கிட்டுப் போயிடும். நீங்க மூக்கை ஒட்டலை சார், கரைச்சுக் குடிச்சிருக்கீங்க.

— மாமனார் மூக்கைக் குடிச்ச முதல் மாப்பிள்ளை நான்தான். செதுக்கினவரையே கூப்பிடலாம்னா, போன் அணைஞ்சு கிடக்கு. கடற்கரை ஈரக்காத்துல நிக்கப் போற சிலையை உப்புல செய்யச் சொன்னா அவர் சிரிக்காம என்ன பண்ணுவார்? கல்லுல வைக்கலாம், சிமெண்டுல வைக்கலாம். உயிரோட இருக்கிற மனுஷன், தனக்கே சிலை, அதையும் தானே திறந்து வைக்கப் போறார், அதுவும் உப்புல.

— உப்பால வாழ்ந்தவன் உப்பாவே நிக்கணும்னு சொன்னார். நான் வேண்டாம்னு சொல்லிப் பார்த்தேன். ஈரக்காத்து பட்டா வேர்க்கும் ஐயான்னேன். நானும்தான் வேர்க்கிறேன், இன்னும் கரையலையேன்னார்.

— உங்ககிட்டயாவது சொன்னார். என்கிட்ட ஒரு வார்த்தை? கல்யாணம் ஆனதுலேருந்து என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசினதில்ல மேடம். வான்னா கையை இப்படி ஆட்டுவார். போன்னா இப்படி. சாப்பிடுன்னா வாய்கிட்ட விரலைக் கொண்டுபோய்க் காட்டுவார். வீட்டு நாய்கிட்ட கூட வாய் திறந்து பேசுறார், நான் கேட்டிருக்கேன்.

— நீங்க பேசுறதுதானே?

— அவரைப் பார்த்தாலே எனக்குத் தொண்டை அடைச்சுக்கும். முதல் முதல்ல பொண்ணு பார்க்க அவங்க வீட்டுக்குப் போனப்பவே அப்படித்தான். உக்காந்தது உக்காந்தபடி இருந்தேன், ஒரு சத்தம் வரலை. எங்க பெரியப்பாதான் எனக்கும் சேர்த்துப் பேசினார். பையன் வாயே திறக்க மாட்டான், அதைத் தவிர அவன்கிட்ட ஒரு குறையும் இல்லைன்னு வேற சொல்லி வச்சார். கல்யாணத்துக்கு மாமனார் எனக்கு என்ன பரிசு கொடுத்தார் தெரியுமா?

— என்ன?

— விசில்.

— என்ன விசில்?

— போலீஸ்காரங்க ஊதுற விசில் மேடம். வெள்ளியில. கழுத்துல மாட்டிக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். இதைவிட ஒரு மனுஷனை எப்படி அவமானப்படுத்துறது? உன் பேச்சும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், வேணும்னா ஊதுன்னு அர்த்தம். வீட்டுக்காரிகிட்ட சொன்னா, அப்பாவுக்கு உங்க மேல பாசம், அவருக்குக் காட்டத் தெரியலைங்கிறா.

— எனக்குப் பாசமா கோபமான்னு தெரியாது சார். ஆனா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல சேதி தூக்கிட்டு ஓடி ஓடி என் செருப்பு தேய்ஞ்சு போச்சு. மாப்பிள்ளைகிட்ட இதைச் சொல்லுங்க லேப் அம்மா. மாமனார்கிட்ட அதைச் சொல்லுங்க மேடம். நான் உப்புல ஈரம் பார்க்க வந்தவ. அடுத்த வாரத்துலேருந்து நீங்களே பார்த்துக்கணும். நான் வேற கம்பெனிக்குப் போறேன்.

— என்னது?

— ஐயாகிட்ட சொல்லியாச்சு. விழா முடியட்டும்னார்.

— மேடம், நீங்க போயிட்டா நான் அவர்கிட்ட எப்படிப் பேசுறது?

— வாயால.

— விளையாடாதீங்க. சத்தியமா சொல்றேன், நீங்க இல்லைன்னா நானும் இங்க இருக்க மாட்டேன். குடும்பத்தோட வேற எங்கேயாவது போயிடறேன். அவர் கையாட்டுறதையும் நான் தலையாட்டுறதையும் எத்தனை நாளைக்குப் பார்த்துக்கிட்டு இருக்கிறது? என் பையன் இப்ப என்கிட்டயே கையாட்ட ஆரம்பிச்சுட்டான்.

— அதெல்லாம் அப்புறம். ஐயா வர்றதுக்குள்ள மூக்கு முகத்துல இருக்கணும். நான் லேப்புக்குப் போய், இதுக்கு மேல ஒரு சிட்டிகை கரையாதுங்கிற அளவுக்கு உப்பு போட்ட தண்ணி கொண்டுவர்றேன். அது இந்த மூக்கைக் கரைக்காது, ஏற்கெனவே வயிறு நிறைஞ்ச தண்ணி. தடவிக் காய விட்டா அதுவே உப்பாகிப் பிடிச்சுக்கும். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க.

— தொட மாட்டேன்.

— சுத்தியைக் கொடுங்க.

— இந்தாங்க.

— வந்துட்டேன். இதோ உப்புத் தண்ணி. கையில என்ன அது?

— எது?

— முதுகுக்குப் பின்னால மறைக்கிறீங்களே, அது.

— கேஸ் டார்ச். வெல்டிங் பிரிவுலேருந்து வாங்கிட்டு வந்தேன். நீங்க வர நேரமாச்சு. மெழுகுவத்தி உடைஞ்சா சூடு காட்டி ஒட்டுவோமே, அந்த மாதிரி மூக்கை லேசா உருக்கி ஒட்டிடலாம்னு.

— மெழுகு கைச்சூட்டுக்கே இளகும் சார். இது எண்ணூறு டிகிரி தாண்டினாத்தான் உருகும். அத்தனை பிளஸ்ஸும் அத்தனை மைனஸும் ஒண்ணை ஒண்ணு இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, அவ்வளவு பேரையும் கையை விட வைக்கணும்னா சும்மாவா? நல்லவேளை, நான் சரியான நேரத்துக்கு வந்தேன். பத்த வைக்கலையே?

— ஒரு தடவைதான்.

— இந்த முகம் ஏன் கறுப்பா இருக்கு?

— ஒரு தடவை கொஞ்ச நேரம்.

— இங்க ஒரு காது இருந்துச்சே?

— பட்டுன்னு ஒரு சத்தம் வந்துச்சு மேடம். நான் மூக்குலதான் காட்டிக்கிட்டு இருந்தேன். காதுல லேசாத்தான் பட்டுச்சு. பட்டுன்னு தெறிச்சு என் கன்னத்துல வந்து அடிச்சுச்சு. பாருங்க, சிவந்திருக்கா?

— உப்புக்குள்ள அங்கங்க தண்ணி சிக்கிக்கிட்டு இருக்கும். சூடு பட்டா அது கொதிச்சு, வெளிய வர வழியில்லாம வெடிக்கும். வாணலியில கல்லுப்பு போட்டா படபடன்னு குதிக்குமே, பார்த்ததில்லையா?

— நான் சமையல்கட்டுப் பக்கமே போறதில்ல.

— காது எங்கே?

— பொறுக்கி வச்சிருக்கேன். பொடியா இருக்கு. காதுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

— முதல்ல கரியைத் துடைக்கலாம். அந்த வாளியைத் தொடாதீங்க, தண்ணி பட்டா கன்னமும் போயிடும். மண்ணெண்ணெய் இருக்கா?

— மெஷின் துடைக்க வச்சிருக்காங்க. மண்ணெண்ணெய்ல கரையாதா?

— கரையாது. தண்ணி மாதிரி மண்ணெண்ணெய்க்குப் பிளஸ் பக்கம் மைனஸ் பக்கம்னு கிடையாது. அது உப்பைச் சட்டையே பண்ணாது. நல்லா நனைச்சுத் துடைங்க. அழுத்தாதீங்க. தாடைகிட்ட பார்த்து.

— மேடம், அவர் முகத்தை இவ்வளவு பக்கத்துல நான் பார்த்ததே இல்ல.

— பேசாம துடைங்க சார். ம், இப்ப பரவாயில்லை. இந்த பிரஷ்ஷை எடுத்து உப்புத் தண்ணியை ரெண்டு பக்கமும் தடவுங்க. மூக்குலயும் தடவுங்க, முகத்துலயும் தடவுங்க. தாராளமா. கழுத்து வரைக்கும் வழியுதே, பரவாயில்லை, காய்ஞ்சா வெளிய தெரியாது. வச்சு அழுத்துங்க. அப்படியே பிடிச்சுக்கங்க, நான் ஃபேனைத் திருப்புறேன்.

— எவ்வளவு நேரம் பிடிச்சுக்கணும்?

— பிடிக்கிற வரைக்கும். அதுவரைக்கும் அவர் வந்தா என்ன பேசணும்னு யோசிச்சு வைங்க.

— வணக்கம் மாமான்னு சொல்லலாமா?

— சொல்லுங்க.

— அதுக்கு அவர் கையைக் காட்டுவார். அப்புறம்?

— அப்புறம் இன்னொரு வார்த்தை. நல்லா இருக்கீங்களான்னு கேளுங்க. இவ்வளவு நேரமா என்கிட்ட அருவி மாதிரி கொட்டுறீங்களே, அதுல ஒரு சொட்டு அங்க விடக் கூடாதா?

— நீங்க வேற, அவர் வேற. மேடம், பிடிச்சுக்கிச்சுன்னு நினைக்கிறேன். கையை எடுக்கிறேன். நிக்குது. நிக்குது மேடம், சத்தியமா நிக்குது.

— நிக்குது. தள்ளி வாங்க, தூரத்துலேருந்து பார்க்கலாம். சார்.

— என்ன மேடம்?

— மூக்குத் துளை எந்தப் பக்கம் இருக்கணும்?

— கீழ்ப்பக்கம்.

— இவருக்கு?

— வானத்தைப் பார்த்து இருக்கு. செத்தேன். தலைகீழா ஒட்டிட்டேன். மழை பெய்ஞ்சா மூக்குக்குள்ள தண்ணி போயிடுமே.

— மழை பெய்ஞ்சா மூக்கே போயிடும், அது வேற கவலை.

— திரும்பத் தட்டி எடுக்கட்டுமா?

— சுத்தியை என்கிட்ட கேட்டீங்கன்னா அதே சுத்தியால உங்களைத் தட்டுவேன். இருக்கட்டும். செதுக்கினவர் புதுமையா யோசிச்சிருக்கார்னு சொல்லிக்கலாம். காதுக்கு என்ன வழி?

— அதுக்கு யோசிச்சுட்டேன். வாசல்ல கட்ட சீரியல் பல்பு வாங்கி வச்சிருக்கேன். அதைக் கழுத்தைச் சுத்தி, தலையைச் சுத்தி, காது இருந்த இடத்துல ஒரு கொத்தா விட்டா யாருக்கும் தெரியாது. பாருங்க. இப்படி. இந்தப் பக்கம் ஒரு சுத்து. எப்படி?

— ஒயர் அங்கங்க பிஞ்சு செம்பு தெரியுதே சார்.

— காய்ஞ்ச உப்புல கரண்ட் போகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க.

— சொன்னேன். ஆனா ஏதோ ஒண்ணு உறுத்துது. என்னன்னு சட்டுனு பிடிபட மாட்டேங்குது.

— கார் சத்தம். மேடம், அவர் வந்துட்டார். துணியைப் போடுங்க, துணியைப் போடுங்க.

— லேப் அம்மா, இங்கேயா இருக்கீங்க? உங்களைத் தேடிக்கிட்டு லேப் பக்கம் போகப் பார்த்தேன்.

— வாங்க ஐயா. சீக்கிரமே வந்துட்டீங்க. கூட்டம் சேர இன்னும் நேரம் இருக்கே.

— வீட்டுல உக்கார முடியலை. நமக்கே சிலைன்னா ஒரு மாதிரியாத்தான் இருக்கு. வர்ற வழியில வேர்த்துக் கொட்டிடுச்சு, கையெல்லாம் ஈரம். மாப்பிள்ளையும் இருக்காரே. சாப்பிட்டாரான்னு கேளுங்க.

— அவர் பக்கத்துலதான் நிக்கிறார் ஐயா. நீங்களே கேக்கலாமே.

— நீங்க கேளுங்க. அவர் மனசு சங்கடப்படக் கூடாது பாருங்க.

— மாப்பிள்ளை சார், சாப்பிட்டீங்களா? ஏதோ சொல்லணும்னு வச்சிருந்தீங்களே, சொல்லுங்க. சார். ஐயா, தலையாட்டுறார்.

— பார்த்தேன், பார்த்தேன். தங்கமான பிள்ளை. ஊர்ல எவ்வளவோ பேர் கேட்டாங்க, ஏன்யா இப்படிப்பட்ட இடத்துல பொண்ணைக் கொடுத்தேன்னு. என் பொண்ணு எல்லாம் தெரிஞ்சுதான் கட்டிக்கிட்டா. அவளுக்குப் பெரிய மனசு. என்ன லேப் அம்மா, மாப்பிள்ளை முகம் ஏன் சிவக்குது?

— வெயில் ஐயா.

— துணியை எடுங்க. கூட்டம் வர்றதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை தனியா பார்த்துக்கிறேன்.

— விழாவுலயே பார்க்கலாமே ஐயா. அதுதான் நல்லா இருக்கும்.

— எடுங்க.

— எடுத்தாச்சு.

— யார் இது?

— நீங்கதான் ஐயா.

— நானா? மூக்கு என்ன இப்படிப் பார்த்துக்கிட்டு இருக்கு?

— செதுக்கினவரோட பார்வை ஐயா. மேல நோக்கிப் போறவர்னு காட்டுறார்.

— ஓ. இன்னொரு காது?

— பல்புக்குப் பின்னால.

— மண்ணெண்ணெய் வாசனை அடிக்குது.

— எறும்பு வராம இருக்க.

— உப்புக்கு எதுக்கு எறும்பு வருது? சரி, படிச்சவங்க நீங்க. விளக்கு எரிஞ்சா எப்படி இருக்குன்னு பார்க்கலாம். மாப்பிள்ளைக்கு நானே காட்டிடறேன். அங்க, சுவிட்ச், ஆமா, அதைப் போடுங்கன்னு. பாருங்க, கையைக் காட்டினா போதும், கப்புன்னு பிடிச்சுக்கிறார். நல்ல சூட்டிகை. எரியுது. அழகாத்தான் இருக்கு. கெட்டியா செஞ்சிருக்காங்களான்னு தோளைத் தொட்டுப் பார்க்கிறேன்.

— ஐயா, ஒரு நிமிஷம். உப்புத் தண்ணி. கழுத்து வரைக்கும் தடவினோமே. அது இன்னும் காயலை, ஈரத்துல பிளஸ்ஸும் மைனஸும் நகரும், கரண்ட் போகும். ஐயா, தொடாதீங்க.

— ஆ, ஆ, ஆ.

— மாமா, கையை விடுங்க! மேடம், நீங்க அவரைத் தொடாதீங்க. சுவிட்ச் இங்க இருக்கு. அணைச்சுட்டேன். பிளக்கையும் பிடுங்கிட்டேன். மாமா, கால் நடுங்குது பாருங்க, உக்காருங்க. இந்தப் பக்கம் சாஞ்சுக்கங்க. என்னைப் பிடிச்சுக்கங்க. விரலை மடக்க முடியுதா? மடக்குங்க. மூச்சை இழுத்து விடுங்க.

— சார், ஐயா பிடிச்சு இழுத்ததுல சிலை சாயுது.

— சாயட்டும் மேடம். மாமா, காலை மடக்கிக்கங்க, உங்க மேல விழப் போகுது.

— போச்சு.

— போனா போகட்டும். மாமா, நெஞ்சு வலிக்குதா? இங்க? இங்க? நல்லா பாருங்க என்னை. எத்தனை விரல்?

— ஒரு முழுத் துண்டு கூட மிஞ்சலை. எல்லாம் நேர்க்கோடு பிடிச்ச மாதிரி சதுரம் சதுரமா பிளந்து கிடக்கு. எது தலை, எது கால்னு அடையாளமே தெரியலை.

— பாருங்க மேடம், இப்பவும் பேச மாட்டேங்கிறார். கரண்ட் அடிச்சுக் கிடக்கிறப்ப கூட என்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது. சரி மாமா. நீங்க பேச வேண்டாம். நான் பேசிடறேன். மூக்கை உடைச்சது நான். சுத்தியால. காதை வெடிக்க வச்சதும் நான். ஒயரைச் சுத்தினதும் நான். அதுக்கெல்லாம் என்ன வேணும்னாலும் பண்ணுங்க. ஆனா ஒண்ணு சொல்றேன். நான் என்ன குறைஞ்சு போயிட்டேன்? உங்க பொண்ணும் நானும் சாயந்திரம் வாசப்படியில உக்காந்தா, பேசிப் பேசிப் பொழுது போறதே தெரியாது. அவ சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்து, போதும் நிறுத்துங்கங்கிற வரைக்கும் பேசுறேன். இங்க இருக்கிற அத்தனை பேரும் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசுறாங்க. நீங்க மட்டும் கையை ஆட்டுறீங்க. அடுத்த வாரம் மேடம் போயிடுவாங்க. அதுக்கப்புறம் நான் யார்கிட்ட போய்ச் சொல்லுவேன், எங்க மாமாவை எனக்குப் பிடிக்கும், அவருக்குத்தான் என்னைப் பிடிக்கலைன்னு?

— சார், போதும். பாவம், அவர் வெறிச்சுப் பார்க்கிறார் பாருங்க. ஐயா, நாக்கு ஏதாவது இழுக்குதா? டாக்டரைக் கூப்பிடட்டுமா?

— வேண்டாம். டாக்டர் வேண்டாம். எனக்கு ஒண்ணும் இல்ல.

— சிலை போயிடுச்சு ஐயா. கூட்டம் வந்தா என்ன சொல்றதுன்னு தெரியலை.

— அது கிடக்கட்டும் லேப் அம்மா. கூட்டமும் கிடக்கட்டும். நான் கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

— கேளுங்க ஐயா.

— மாப்பிள்ளைக்கு எப்பலேருந்து பேச்சு வருது?